ஒன்னாரும் அயலாரும்: போர் விளையாட்டுக்களில் வேற்றுலகப் பகைவர் பற்றி ஒரு தமிழ்ப் பாடம்

எமது பள்ளியின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, வழமைபோல வேற்றுமை உருபுகளைப் பற்றியோ புணர்ச்சி விதிகளைப் பற்றியோ எழுதுவதென்றே எண்ணியிருந்தோம். அத்தகைய கட்டுரைகளைப் பெற்றோர் மரியாதையோடு புரட்டிவிட்டுத் தம் பிள்ளையின் புகைப்படம் உள்ள பக்கத்துக்குச் சென்றுவிடுவர் என்பதும் நாம் அறிந்ததே. இம்முறை எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் எம்மை வேறு வழியில் இழுத்துச் சென்றுவிட்டார்.

‘எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு’ என்னும் தலைப்பில் ஒரு பக்கக் கட்டுரை எழுதிவருமாறு அவ்வகுப்புக்கு ஒப்படை கொடுத்திருந்தோம். மறுவாரம் அவர் கொப்பியைத் தூக்கிக்கொண்டு எமது மேசையடிக்கு வந்தார்.

“சேர், ஏலியனுக்குத் தமிழிலை என்னெண்டு எழுதுறது?”

“வேற்றுக்கிரகவாசி.”

விரல்விட்டு எண்ணினார். “ஒன்பது எழுத்து, சேர். ஒரு வரியிலை மூண்டு தரம் வருது. சின்னச் சொல் ஒண்டும் இல்லையோ?”

நல்ல கேள்வி. உடனே விடை கூற எம்மால் இயலவில்லை. அடுத்த வாரம் கூறுவதாகச் சொல்லிச் சமாளித்தோம். அந்த வார இடையில் அவருடைய தாயார் எம்மைத் தொலைபேசியில் அழைத்தார். “மாஸ்ரர், நாங்கள் சண்டைக்குள்ளாலை ஓடி வந்தனாங்கள். இவன் வீட்டுக்குள்ளை இருந்து சண்டை பிடிக்கிறான். நீங்கள் சொன்னால் கேப்பான்.”

தாயாரின் வேதனை எமக்கு நன்கு விளங்கியது. நாமும் அவ்வழியே வந்தவர்கள்தாம். ஆயினும் கண்ணாற் பாராத ஒன்றைத் தடை செய்வது ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று. ஆகவே அம்மாணவரையே எமக்குப் பாடம் நடத்துமாறு கேட்டுக்கொண்டோம். இரண்டு சனிக்கிழமைகள் வகுப்பு முடிந்த பின்னர் அவர் ஆசிரியராகவும் நாம் மாணவராகவும் அமர்ந்திருந்தோம். அங்கே கற்றதும், வீட்டில் நிகண்டுகளைப் புரட்டிக் கற்றதும் சேர்ந்ததே இக்கட்டுரை.

வியூக விளையாட்டு எனப்படுவது சதுரங்கத்தின் பேரப்பிள்ளை. ஆடுபவர் களத்தை மேலிருந்து காண்கின்றார். பொருள் தேடி, கட்டடம் எழுப்பி, படை திரட்டி, ஒற்றறிந்து, பின்னர் போர் தொடுக்க வேண்டும். சதுரங்கத்தில் இரு பக்கத்துக் காய்களும் ஒரே தன்மையின, நிறமே வேறு. கணினி விளையாட்டிலோ பகைவர் இயல்பிலேயே வேறுபட்டவர். இதனைப் பெரும் புதுமையென்று மாணவர் கூறியபோது நாம் ஆடுபுலி ஆட்டத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டினோம். புலி மூன்று, ஆடு பதினைந்து. புலிக்குப் பாய்ந்து வெட்டும் ஆற்றல் உண்டு. ஆட்டுக்கு எண்ணிக்கையும் பொறுமையும் மட்டுமே உண்டு. இயல்பால் வேறுபட்ட இரு படைகளைச் சமன்செய்து களத்தில் விடும் கலையை எமது பாட்டன்மார் திண்ணையிற் கோடு கீறியே பயின்றனர்.

வேற்றுலகப் பகைவர் கணினி விளையாட்டுக்குள் நுழைந்த கதை சுவையானது. 1978ஆம் ஆண்டில் யப்பானிய நிறுவனமாகிய தைற்றோவுக்காகத் தொமொஹிரோ நிஷிகாடோ என்பவர் ‘ஸ்பேஸ் இன்வேடேர்ஸ்’ என்னும் விளையாட்டை ஆக்கினார். அது வியூக விளையாட்டன்று. வெறும் சுடும் விளையாட்டே. எனினும் பின்வந்த அனைத்துக்கும் அதுவே வழிகாட்டி. சுடப்படும் இலக்காக மனித உருவங்களை வைக்க அவர் முதலில் எண்ணினார். மனிதரைச் சுடுவது தகாதென்று நிறுவனத்தில் மறுத்துவிட்டனர். அதன் பின்னரே கணவாய், நண்டு, சாக்குக்கணவாய் ஆகியவற்றின் சாயலில் வேற்றுலகத்தாரை வரைந்தார். (முதலிரண்டும் எமது ஒடியற் கூழ்ச் சட்டிக்குள் கிடப்பவை என்பதை மாணவர்கள் மிகவும் இரசித்தனர்.) ஆக, மனிதரைக் கொல்லலாகாது என்ற நல்லெண்ணமே வேற்றுலகப் பகைவரைப் பெற்றெடுத்தது. அந்நல்லெண்ணத்துக்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. ஒருவரைக் கூச்சமின்றிச் சுட வேண்டுமாயின், அவரை மனிதர் அல்லர் என்று முதலில் ஆக்கிவிட்டாற் போதும்.

அந்தச் சாக்குக்கணவாய் உருவம் இங்கிலாந்து எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1898இல் நூலாக வெளியிட்ட செவ்வாய்க் கிரகப் படையெடுப்புக் கதையிலிருந்து வந்தது. அதன் முதல் அத்தியாயத்திலேயே, ஐரோப்பியர் தஸ்மேனியத் தீவின் பூர்வகுடிகளை அழித்ததை அவர் தம் வாசகருக்கு நினைவூட்டுகின்றார். நீங்கள் பிறருக்குச் செய்ததையே செவ்வாய் வாசிகள் உங்களுக்குச் செய்கின்றனர் என்பது அவர் கருத்து. அவருக்கு வேற்றுலகத்தார் ஒரு கண்ணாடி. பின்வந்தோருட் பலர் சாக்குக்கணவாயை எடுத்துக்கொண்டு கண்ணாடியை விட்டுவிட்டனர்.

இனி எமது மாணவர் எழுத விரும்பிய விளையாட்டுக்கு வருவோம். அமெரிக்காவின் பிளிசாட் நிறுவனம் 1998இல் வெளியிட்ட ‘ஸ்ரார்கிராஃப்ற்’ அது. அதில் மூன்று இனங்கள் பொருதுகின்றன. மனிதர் ரெரன் எனப்படுவர். இவர்கள் பூமியிலிருந்து கைதிகளாக நாடு கடத்தப்பட்டோரின் வழித்தோன்றல்கள். புரொரொஸ் என்போர் வாயில்லாது மனத்தால் மனத்தோடு பேசும் பழம்பெருங் குடியினர். தம் நெறியை ஏற்க மறுத்த ஒரு பிரிவினரைத் தாய் மண்ணிலிருந்தே துரத்தியவர்கள். மூன்றாவது இனம் ஸேர்க். இவர்களுக்குத் தொழிற்சாலை இல்லை. யாவும் புழுவிலிருந்து பிறக்கின்றன. கட்டடம் வேண்டுமாயின் வேலையாள் உயிரியே தன்னை உருமாற்றிக் கட்டடமாகிவிடுகின்றது. நிலத்தின்மேற் பாசிபோற் படரும் ஒரு படலத்தின்மீதுதான் அவற்றின் இருப்பிடங்கள் முளைக்கும். வென்ற உயிரினங்களை விழுங்கித் தம் உடலோடு சேர்த்துக்கொள்ளும். கூட்டம் முழுவதற்கும் ஒரே மனம்.

மாணவர் இவற்றை விவரித்த ஆர்வத்தைக் கண்டு வியந்தோம். தொல்காப்பியத்தை நாம் இவ்வளவு உற்சாகத்தோடு கற்பித்ததுண்டா என்ற ஐயமும் எழுந்தது. ஆனால் ஸேர்க் உருவங்களை உற்று நோக்கியபோது வேறொன்று புலப்பட்டது. பல், நகம், ஓடு, கொடுக்கு யாவும் உண்டு, முகம் இல்லை. வீடு இல்லை, ஆகவே எரிந்த வீடு இல்லை. ஒன்று இறந்தால் மற்றொன்று திரும்பிப் பார்ப்பதில்லை. நூறு ஸேர்க்கைக் கொன்றாலும் ஒரு சாவீடு நடப்பதில்லை. பகைவரை வடிவமைப்போர் கொம்பையும் பல்லையும் எங்கே வைப்பது என்று மட்டும் சிந்திப்பதில்லை. எதனை வையாது விடுவது என்றும் சிந்திக்கின்றனர்.

எனினும் இவ்விளையாட்டை ஆக்கியோர் ஒரு நல்ல காரியம் செய்துள்ளனர். கதையின் முதற்பகுதியை மனிதராக ஆடி முடித்தவர், இரண்டாம் பகுதியை ஸேர்க் பக்கத்தில் நின்றே ஆட வேண்டும். அவர்களின் அரசியாக வரும் கெரிகன் என்பவள் முன்னர் மனிதப் படையைச் சேர்ந்தவள். அவளுடைய சொந்தத் தலைவனே அவளைப் பகைவர் நடுவே கைவிட்டுச் செல்கின்றான். இதனைக் கூறும்போது மாணவரின் குரல் மாறிற்று. “அவ கெட்டவ இல்லை, சேர். அவவை விட்டிட்டுப் போட்டினம்.”

‘எக்ஸ்-கொம்’ என்னும் விளையாட்டையும் அவர் எமக்குக் காட்டினார். இங்கிலாந்தின் கொலொப் சகோதரர்கள் ஆக்கி 1994இல் வெளிவந்தது அது. இதன் சிறப்பு யாதெனில், பகைவர் யார் என்பது தொடக்கத்தில் எவருக்கும் தெரியாது. வீழ்ந்த உடலை ஆய்வு மேசைக்குக் கொண்டுவந்து அறுத்துப் பார்த்து, ஆராய்ச்சிக் குறிப்பு எழுதி, சிறிது சிறிதாகவே அறிந்துகொள்ள வேண்டும். சிலரை உயிரோடு பிடித்து விசாரித்தாலன்றிச் செவ்வாய்க் கிரகத்திலுள்ள அவர்தம் தலைமையிடத்தை அறியவியலாது. வள்ளுவர் பகைமாட்சி, பகைத்திறம் தெரிதல், உட்பகை என்று 87, 88, 89ஆம் அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருப்பது எமக்கு நினைவு வந்தது. உட்பகையும் இவ்விளையாட்டில் உண்டு. வேற்றுலகத்தார் எமது போர்வீரரின் மனத்தைப் பிடித்து ஆட்டினால், அருகில் நிற்கும் தோழனே எம்மைச் சுடுவான். அதே வள்ளுவர் படைச்செருக்கு அதிகாரத்தில், பகைவருக்கு ஒரு துன்பம் வந்தவிடத்து உதவுவதே வீரத்தின் கூர்முனை என்ற கருத்தையும் கூறுகின்றார். அதற்கு இவ்விளையாட்டில் இடமுண்டா என்று வினவினோம். மாணவர் சிறிது நேரம் யோசித்தார். “அப்பிடியொரு பொத்தான் இல்லை, சேர்.”

இப்போது அவர் கேட்ட சொல்லுக்கு வருவோம். மாணவச் செல்வங்கள் இப்பகுதியைக் கவனமாக வாசிக்கவும்.

தமிழில் பகைவரைக் குறிக்கும் சொற்கள் ஏராளம். செறுநர் என்பது சினங்கொண்டோர் என்று பொருள்படும். மாற்றார் என்பது மாறுபட்டு நிற்போர். தெவ்வர் என்பதும் பழஞ்சொல். ஆனால் மற்றொரு கூட்டத்துச் சொற்களைப் பாருங்கள்: ஒன்னார், நண்ணார், கூடார், ஒட்டார், மேவார். ஒன்றுதல் என்றால் சேர்தல். ஒன்னார் என்றால் எம்மோடு ஒன்றாதவர். நண்ணுதல் என்றால் அணுகுதல்; நண்ணார் அணுகாதவர். கூடார் கூடாதவர். ஒட்டார் ஒட்டாதவர். மேவார் விரும்பிப் பொருந்தாதவர். இவை யாவும் எதிர்மறை வினையாலணையும் பெயர்கள். இலக்கணத்தில் இதனை ஒரு சூத்திரமாகப் படித்து மறந்துவிடுகின்றோம். பொருளை நோக்கினால் வியப்பாக உள்ளது. இச்சொற்களில் பகைவர் என்போர் கொம்பு முளைத்தவர் அல்லர், வேறு குருதி உடையவரும் அல்லர். எம்மோடு சேராதவர், அவ்வளவே. சேரக்கூடியவரைப் பற்றித்தானே சேராதவர் என்று கூற முடியும்? கல்லைப் பார்த்து ‘பேசாதிருக்கின்றது’ என்று எவரும் குறைப்படுவதில்லை.

இன்னும் இரு சொற்கள் உள்ளன. நொதுமலர் என்போர் நண்பரும் அல்லர், பகைவரும் அல்லர். விளையாட்டுக்களில் இவர்களுக்கு இடம் அரிது. அயலார் என்ற சொல்லோ இரு முகம் கொண்டது. அயல் என்றால் பக்கம். அயலார் என்றால் பிறத்தியார் என்றும் பொருள். பக்கத்து வீட்டுக்காரர் என்றும் பொருள். யாழ்ப்பாணத்தில் ‘அயலட்டை’ என்றால் ஆபத்துக்கு ஓடிவரும் சனம். ஏலியன் என்பதற்கு ‘அயலார்’ என்று எழுதலாம் என மாணவருக்குக் கூறினோம். நான்கே எழுத்து. அவருக்கு மகிழ்ச்சி.

சொல்லில் மட்டுமன்றிப் போர் இலக்கணத்திலும் இப்பண்பு தென்படுகின்றது. புறப்பொருள் வெண்பாமாலையை ஒரு வியூக விளையாட்டின் விதிநூலாகவே வாசிக்கலாம். ஆநிரை கவர்தல் வெட்சி, மீட்டல் கரந்தை. மண்ணை நாடிப் படையெடுத்தல் வஞ்சி. எதிர்த்து நிற்றல் காஞ்சி. மதிலை வளைத்தல் உழிஞை. உள்ளிருந்து காத்தல் நொச்சி. நேருக்கு நேர் பொருதல் தும்பை, வெற்றி வாகை. முதலில் பகைவரின் பொருளாதாரத்தைத் தாக்கி, பின்னர் எல்லை கடந்து, கோட்டையை முற்றுகையிட்டு முடித்தல் என்னும் இவ்வொழுங்கை மாணவரிடம் கூறியதும், ஸ்ரார்கிராஃப்றும் அப்படியேதான் என்று துள்ளினார். அவர் கவனிக்காத ஒன்றை நாம் சுட்டிக் காட்டினோம். வெட்சியார்க்கு ஒரு பூ, கரந்தையார்க்கு ஒரு பூ. உழிஞையார்க்கு ஒரு பூ, நொச்சியார்க்கு ஒரு பூ. தும்பை இரு படைக்கும் பொது. எதிரே நிற்பவனும் பூச்சூடியே வருகின்றான். அவனுக்கும் ஒரு திணை உண்டு, துறை உண்டு, அவனைப் பாடவும் புலவர் உண்டு.

கந்தபுராணத்தையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். எமது ஊர்க் கோயில்களில் அதனைப் படித்துப் பயன் சொல்வதைக் கேட்டு வளர்ந்தோர் இம்மலரை வாசிக்கும் பெற்றோருட் பலர். கச்சியப்ப சிவாசாரியார் ஆறு காண்டங்களில் பாடிய அந்நூலில் அசுர காண்டமும் மகேந்திர காண்டமும் பெரும்பாலும் பகைவரைப் பற்றியவை. சூரபன்மனின் பிறப்பு, தவம், பெற்ற வரம், ஆண்ட நகர், உடன்பிறந்தோர், மைந்தர் யாவும் விரிவாகப் பேசப்படுகின்றன. தேவரைச் சிறைவிடுமாறு அறிவுரை கூறும் சிங்கமுகன் பகைவரின் அவையிலேயே இருக்கின்றான். போருக்கு முன் வீரவாகு தூது செல்கின்றார். முடிவில் கடல்நடுவே மாமரமாகி நின்ற சூரன் பிளவுண்டு, மயிலும் சேவலுமாகி, வென்றவரின் ஊர்தியும் கொடியும் ஆகின்றான். எக்ஸ்-கொம் ஆய்வு மேசையில் முடியும் பகைவரையும் இம்முடிவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ரொறன்ரோ ஆலயங்களில் ஐப்பசிக் குளிரில் சூரன்போர் நடைபெறும்போது சிறுவர் கண்கள் சூரன்மீதே இருப்பதை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். எமது ஊரில் சூரனைத் தூக்கி ஆட்டுவதற்கு இளைஞரிடையே போட்டியே நடக்கும்.

பழம்பெருமை பேசி நிறுத்திக்கொள்ளலாம் என்று எமக்கும் ஆசைதான். ஆனால் ஆசிரியர் ஒருவர் பாதிப் பாடத்தை மறைத்தலாகாது. கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் கருணாகரத் தொண்டைமானின் வெற்றியைப் பாடுகையில், பேய்கள் களத்துப் பிணங்களைக் கொண்டு கூழ் சமைத்து உண்கின்றன. கலிங்கத்து வீரனின் தாயைப் பற்றிப் பரணி கவலைப்படவில்லை. சிரித்துச் சிரித்துக் கற்பித்த நூல்தான் அது. ஒரு காலத்துக்குப் பின்னர் எம்மால் அவ்வாறு சிரிக்க இயலவில்லை.

மகாவம்சத்தையும் எடுத்துக்கொள்வோம். துட்டகைமுனு எல்லாளனை அநுராதபுரத்தின் தென்வாயிலருகே தனிப்போரில் வென்றபின், அவனுக்கு ஈமக்கடன் செய்து, நினைவிடம் எழுப்பி, அவ்வழியே செல்வோர் இசையை நிறுத்திச் செல்லுமாறு கட்டளையிட்டதாக அந்நூல் கூறுகின்றது. எல்லாளன் பகைவருக்கும் நண்பருக்கும் ஒத்த நீதி வழங்கியவன் என்று எழுதியதும் அந்நூலே. அதே அத்தியாயத்தின் இறுதியில், பெருந்தொகையினரைக் கொன்றேனே என்று வருந்தும் மன்னனுக்குத் துறவியர் ஆறுதல் கூறுகின்றனர்: கொல்லப்பட்டோரில் மனிதர் என்று எண்ணத்தக்கோர் ஒன்றரைப் பேரே; ஏனையோர் விலங்குக்கு ஒப்பானவர். நினைவிடமும் ஒன்றரைக் கணக்கும் ஒரே அத்தியாயத்தில் உள்ளன. 1978இல் யப்பானில் ஒரு நிறுவனம் கண்டறிந்த உபாயத்தை, பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே எமது தீவில் ஒருவர் எழுதிவைத்துவிட்டார்.

எமது அனுபவம் ஒன்றையும் கூறவேண்டியுள்ளது. 2000களின் நடுப்பகுதியில் வன்னியில் ஒரு சிறு பாடசாலையில் நாம் ஆசிரியராக இருந்தோம். இடைவேளையில் சிறுவர் தென்னம்மட்டைத் துவக்கோடு சண்டை விளையாடுவர். கணினிக்கு இல்லாத ஒரு சிக்கல் அவர்களுக்கு இருந்தது. பகைவராக வருவதற்கு ஆள் வேண்டும். எவரும் சம்மதிக்க மாட்டார்கள். ஆகவே கூட்டத்திற் சிறியவரான நான்காம் வகுப்பு மாணவர் ஒருவரையே தினமும் பகைவராக்கினர். ஒரு நாள் அவர் அழுதுகொண்டு எம்மிடம் வந்தார். “சேர், நான் ஒவ்வொரு நாளும் சாகிறன்.” பெரிய பையன்களை அழைத்து முறைவைத்து ஆடுமாறு கட்டளையிட்டோம். ஒரு வாரம் கேட்டனர். பின்னர் விளையாட்டே நின்றுவிட்டது. மாறிமாறிப் பகைவராவதில் அவர்களுக்குச் சுவை இருக்கவில்லை. 2009க்குப் பின்னர் அச்சிறுவரைப் பற்றி எமக்கு ஒரு செய்தியும் கிடைக்கவில்லை.

ஊரைவிட்டு வந்தோரின் கதையையே பொருளாகக் கொண்ட வியூக விளையாட்டு ஒன்று இந்நாட்டிலேயே ஆக்கப்பட்டது என்று அறிந்தபோது ஆர்வம் மிகுந்தது. வன்கூவரிலுள்ள ரெலிக் நிறுவனம் 1999இல் வெளியிட்ட ‘ஹோம்வேர்ல்ட்’ அது. பாலை நிலமாகிய ஒரு கோளில் வாழும் மக்கள், மணலுக்குள் புதைந்த பழங்கலம் ஒன்றைக் கண்டெடுக்கின்றனர். அதனுள் கிடைத்த கல்லில் தொலைதூர விண்மீன் ஒன்றின் இடமும் ‘எமது வீடு’ என்று பொருள்படும் ஒரு சொல்லும் உள்ளன. பெருங்கப்பல் கட்டிச் சோதனை ஓட்டம் சென்று திரும்பும்போது, கோள் முழுவதும் எரிந்துகொண்டிருக்கின்றது. நான்காயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஓர் உடன்படிக்கையை மீறினர் என்பதே பகைவர் கூறும் காரணம். அம்மக்கள் அவ்வுடன்படிக்கையைக் கேள்விப்பட்டதேயில்லை. உறைநிலையில் வைக்கப்பட்டிருந்த ஆறு இலட்சம் பேரை ஏற்றிக்கொண்டு கப்பல் புறப்படுகின்றது.

இக்கட்டத்தைப் பார்த்தபோது எம்மால் நெடுநேரம் பேசவியலவில்லை. அது இருக்கட்டும். வழியில் ஒரு பகைக் கப்பலின் தலைவனைப் பிடித்து விசாரிக்கின்றனர். அவன் வாயிலாகவே காரணம் தெரியவருகின்றது. விசாரணையின் முடிவில் அவன் உயிரோடில்லை என்பதை ஒரே வரியில் அறிவித்துவிட்டுக் கதை மேலே செல்கின்றது. வீடிழந்தோரின் பக்கத்தில் நின்று ஆடும் நாமே அதனைச் செய்தோம். மாணவரிடம் அவ்வரியை மீண்டும் காட்டுமாறு கேட்டோம். இதுவரை அதனைத் தாம் கவனித்ததில்லை என்றார். இன்னும் சற்று அப்பால், ஒரு விண்முகிலுக்குள் மறைந்து வாழும் மூர்க்கர் கூட்டம் ஒன்று தாக்குகின்றது. போரின் பின்னரே அவர்கள் யாரென்று தெரிகின்றது: ஒரே தாயகத்திலிருந்து ஒரே காலத்தில் துரத்தப்பட்டு, பாதி வழியில் ஒளிந்துகொண்ட எமது உறவினர். ஒன்னார் என்ற சொல்லுக்கு இதைவிடச் சிறந்த உரையை நாம் படித்ததில்லை.

ஏலியன் என்ற ஆங்கிலச் சொல் விண்ணிலிருந்து வந்ததன்று. சட்டப் புத்தகத்திலிருந்து வந்தது. பிறநாட்டார் என்பதே அதன் பழம்பொருள். முதலாம் உலகப்போரின்போது கனடிய அரசு 1914 முதல் 1920 வரை 8,579 பேரைப் ‘பகை ஏலியன்’ என்று கூறி 24 முகாம்களில் அடைத்தது. அவர்களுட் பெரும்பான்மையினர் உக்ரேனியர். வேலை தேடி வந்த ஏழைகள். ரொறன்ரோவின் கண்காட்சி மைதானத்திலுள்ள ஸ்ரான்லி பரக்ஸ் கட்டடமும் அத்தகையோரைத் தடுத்து வைத்த இடங்களில் ஒன்று. கோடை காலத்தில் பிள்ளைகளை இராட்டினத்துக்கு அழைத்துச் செல்லும்போது அதனைக் கடந்தே செல்கின்றோம். 1942இல் ஏறத்தாழ 22,000 யப்பானியக் கனடியர் மேற்குக் கரையிலிருந்து பெயர்க்கப்பட்டனர். பெரும்பாலோர் இங்கேயே பிறந்தவர்கள். 1988இலேயே அரசு மன்னிப்புக் கோரியது. மறுபுறம், 1986 ஆகஸ்ட் மாதத்தில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், மூடுபனிக்குள் இரு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர் கண்டனர். யாரென்று தெரியாது, பேச்சும் விளங்காது. முதலில் ஏற்றிக்கொண்டனர், பின்னரே விசாரித்தனர்.

மாணவர் கடைசியாகக் காட்டியது எக்ஸ்-கொம் வரிசையில் 2020இல் வந்த ‘கைமேரா ஸ்குவாட்’. அதில் போர் முடிந்து ஐந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. ஒரே நகரத்தில் மனிதரும் முன்னாட் பகைவரும் குடியிருக்கின்றனர். 1994இல் அறுவை மேசையில் கிடந்த இனத்தைச் சேர்ந்தவர் இப்போது எமது காவற்குழுவில் பெயரோடும் குரலோடும் நிற்கின்றார், பகிடியும் விடுகின்றார். விளையாட்டு என்ற வகையில் முன்னையவற்றை விட இது இலேசானது என்பது மாணவரின் தீர்ப்பு. எமக்கு இதுவே கடினமாகத் தோன்றியது.

மூன்றாம் வாரம் திருத்திய கட்டுரை வந்தது. ஒரு பக்கம் கேட்டதற்கு மூன்று பக்கம். ஏலியன் என்பதற்கு எல்லா இடத்திலும் ‘அயலார்’ என்றே எழுதியிருந்தார். இரண்டாம் பக்கத்தில் நாம் எதிர்பாராத செய்தி ஒன்று இருந்தது. இவ்விளையாட்டைத் தம்முடைய அடுக்குமாடியில் அடுத்த கதவில் வசிக்கும் சிங்கள நண்பரோடு சேர்ந்தே ஆடுவதாகவும், ஒருவரே எப்போதும் ஸேர்க்காக இருப்பது நியாயமில்லை என்பதால் வாரத்துக்கு வாரம் மாறிக்கொள்வதாகவும் எழுதியிருந்தார். இதனைத் தாயார் அறிவாரா என்று நாம் வினவவில்லை. வீட்டில் வாசித்துக் காட்டிக் கையொப்பம் பெற்றுவருமாறு மட்டும் கூறினோம். மாணவர் பகுதியில் வெளியிடப்படும் எல்லாக் கட்டுரைகளுக்கும் அதுவே நடைமுறை.

அடுத்த சனிக்கிழமை தாயாரே வந்திருந்தார். கொப்பியில் ஒப்பமிட்டிருந்தது. வகுப்பறை வாசலில் மேலங்கியையும் கழற்றாமல் நின்றபடி மகனைக் கேட்டார்:

“அந்தப் பெடியன்ரை தாய் தகப்பன் எந்த ஊராம்?”

“காலி.”

“அவை எப்ப வந்தவை?”

“தெரியாது, அம்மா. கேட்டுச் சொல்லுறன்.”

தாயார் எம்மைப் பார்த்தார். நாமும் ஒன்றும் கூறவில்லை. மணி அடித்ததால் வகுப்புக்குள் சென்றுவிட்டோம். அக்கட்டுரை இம்மலரின் மாணவர் பகுதியில் இடம்பெற்றுள்ளது. ‘நண்ணார்’ என்பதை மூன்று இடங்களில் ‘நன்னார்’ என்று எழுதியிருந்தார்; அவற்றை மட்டும் திருத்தியுள்ளோம்.